குறிப்பு என்னும் கட்டம்

செவ்வாய்ப்பேட்டையில் என் கடை.
சாவு ஃபிளெக்ஸ் அடிப்பேன், ஆறுக்கு நாலு.
தோற்றம், மறைவு, நடுவே ஒரு முகம்,
கீழே வருந்துவோர் பட்டியல்.
பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே
யாராவது சட்டத்தை உருவிக்கொண்டு போவார்கள்.
முகம் கோழிக்கூண்டுக்குக் கூரையாகும்.

அபர்டீனிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார்:
கல்லுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
பெயர், தேதி, வயது, வாசகம், படம் இரண்டு.
அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி
காப்பி போட வந்து காய்ச்சலில் போனவராம்.
கடைசியில் ஒரு கட்டம்: குறிப்பு, இருந்தால்.

இருபது கொண்டை ஊசி.
மஞ்சக்குட்டை ரோட்டில் இறங்கி
சில்வர் ஓக் சரிவில் அரை மணி.
சடையன் உண்ணிச்செடியை வெட்டிக்கொண்டு முன்னால் போனார்.
"இதுல ஒரு தொர. இதுல ஒரு தொரசானி.
இது சின்னது, மிதிச்சிராதீங்க."
பத்தொன்பது.

மழை தின்ற எழுத்துக்கு
மரவள்ளி மாவு கொண்டுபோயிருந்தேன்.
சேகோ ஆலையில் மச்சான் இருக்கிறான்.
ஈரத்துணியில் துடைத்து, காயவிட்டு,
மாவைத் தேய்த்து ஊதினால்
பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும்.
யூஃபீமியா ரென்னி எழுந்து வந்தாள்,
வயது ஒன்று, மாதம் ஏழு.
பின்னாலேயே எறும்பும் வந்தது.

மங்கோ டால்கிளிஷ். அவன் மனைவி.
மனைவியின் தங்கை, அவளும் அவன் மனைவி.
அம்மாளுக்கு இது தெரியுமா தெரியாது,
நான் தேதியை மட்டும் எழுதினேன்.

சோற்றுப்பொட்டலம் பிரிக்கும்போது சடையன் கேட்டார்:
"எங்காளுங்க கல்லும் எழுதுவீங்களா?"
எழுத்து இருக்கா என்றேன்.
"கல்லு இருக்கு."

பத்தாவது கல்லில்தான் என் தொழில் என்னை உதைத்தது.
எல்லாம் ஒரே கை.
ஆர் என்ற எழுத்தின் கால்
சம்மணம் போட மறுத்தவன் கால்போல
வெளியே நீள்கிறது, அடுத்த எழுத்தை இடிக்கிறது.
என் என்ற எழுத்து மூன்று இடத்தில்
கண்ணாடிக்குள் நிற்பதுபோலத் திரும்பியிருக்கிறது.
படிக்கத் தெரியாத கை.
சீட்டில் கொடுத்ததைப் படமாகப் பார்த்து
உளியில் இறக்கிய கை.
பிழைக்குக் கூலி பிடித்தார்களோ என்னவோ.
எனக்குப் பிடிப்பார்கள்.

அந்தக் கை அறுபத்தெட்டில் தொடங்குகிறது,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு.
எழுபத்தாறு வைகாசியோடு நிற்கிறது.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: தாது வருஷம்.
துரைமார் அதன்பிறகும் செத்திருக்கிறார்கள்,
மூன்று வருஷம் கல் மட்டும் இல்லை.
எழுபத்தொன்பதில் வேறு கை.
ஆழம் குறைவு, எழுத்து நெருக்கம்,
என் நேராக நிற்கிறது.
ஆரின் கால் மட்டும் அதே கால்.

கவிழ்ந்துகிடந்த ஒன்றைக் கடப்பாரை போட்டுப் புரட்டினோம்.
மேலே கிடந்த முதுகில் கனத்த பாசி,
அதன் அடியில் என்னவோ தட்டுப்பட்டதால்
மாவு மிச்சத்தை அங்கேயும் தேய்த்தேன்.
ஐந்து ஆர், வரிசையாக.
முதலிரண்டு கிறுக்கல்.
மூன்றாவதில் உளி வழுக்கியிருக்கிறது.
நான்காவது பாதியில் நிற்கிறது,
யாரோ சாப்பிடக் கூப்பிட்டிருக்க வேண்டும்.
ஐந்தாவது அப்பனை உரித்துவைத்திருந்தது.

குறிப்பு கட்டத்தில் எழுதினேன்:
செதுக்கியவர் ஒருவர். பிறகு அவர் பிள்ளை.
சாயல், காலில்.

பதில் நான்காம் நாள் வந்தது. நன்றி,
குடும்பப் பெயர்கள் மட்டும் போதும்,
பதினான்காம் கல்லுக்கு ஏன் மூன்று படம்?
பணம் பத்தொன்பதுக்கும் சரியாக வந்தது.

என் ஃபிளெக்ஸ் ஒவ்வொன்றிலும் வலது மூலையில்
கண்ணீருக்குக் கீழே, சின்னதாக,
என் போன் நம்பர் இருக்கும்.
அன்று கிளம்புவதற்கு முன்
பத்தொன்பது கல்லிலும் அந்த மூலையை மட்டும்
இன்னொரு முறை துடைத்துப் பார்த்தேன்.
சடையன் டார்ச் பிடித்தார்.
கடைசி பஸ் போய்விட்டது.